விண்டோஸ் மக்கர் பண்ணினால் எந்த வழியில் திரும்புவது? ரிஸ்டோர் பாயிண்ட், இமேஜ், ரீசெட்: ஓர் ஒப்பீடு

நேற்று வரை கணினி நன்றாக ஓடியிருக்கும். இன்று ஒரு டிரைவரோ (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் சிறு மென்பொருள்) அப்டேட்டோ ஏறியதும் நீலத்திரை வருகிறது, அல்லது சத்தம் வரவில்லை, அல்லது பிரிண்டரே இல்லை என்கிறது. சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பல இடங்களில் முதலில் வரும் பதில், "ஃபார்மேட் போட்டுடலாம் சார்" என்பதுதான். அதுவும் ஒரு தீர்வுதான். ஆனால் அரை மணி நேரத்தில் முடியவேண்டிய காரியத்துக்கு இரண்டு நாள் போய்விடும். மென்பொருளை எல்லாம் மறுபடி ஏற்றவேண்டும், உரிமங்களைத் தேடவேண்டும், பிரவுசரில் சேமித்து வைத்திருந்த கடவுச்சொற்கள் போயிருக்கும்.

இந்த நிலைக்கு வராமல் இருக்க என்ன செய்து வைப்பது என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளுக்கு நடுவில் திண்டாடுகிறார்கள். விண்டோஸை முந்தைய ஒரு நாளின் நிலைக்குத் திருப்பும், விண்டோஸிலேயே இருக்கும் ரிஸ்டோர் பாயிண்ட் போதுமா? டிஸ்க் முழுவதையும் இமேஜ், அதாவது அப்படியே ஒரு நகல், எடுத்து வைக்கவேண்டுமா? அல்லது எதுவும் செய்யாமல், வந்தால் பார்த்துக்கொள்ளலாம், விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடும் ரீசெட் இருக்கவே இருக்கிறது என்று விட்டுவிடலாமா? அக்டோபர் 2025-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபின் பழைய கணினிகளில் விண்டோஸ் 11 ஏற்றியவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசரமானது. பழைய பிரிண்டர், பழைய ஸ்கேனர், பழைய டிரைவர் எல்லாம் புதிய விண்டோஸில் முரண்டு பிடிக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றும் ஒரே வேலைக்குப் போட்டியிடும் மூன்று கருவிகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை விபத்துக்கானது. எந்த விபத்து நமக்கு அதிகம் வலிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் தேர்வு தானாக அமைந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், என்ன கெட்டது என்பது. கணினியில் செய்த ஒரு மாற்றத்தால் வரும் கோளாறு ஒரு வகை: டிரைவர், அப்டேட், புதிய மென்பொருள், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) கை வைத்தது. டிஸ்க்கே செத்துப்போவது, லேப்டாப் திருடுபோவது இன்னொரு வகை. கோப்பு அழிவது, பணம் கேட்டு மிரட்டும் வைரஸான ரேன்சம்வேர் அதைப் பூட்டிவிடுவது மூன்றாவது வகை. முதல் வகையில் நாம் தேடுவது நேற்றைய நிலை. மற்ற இரண்டிலும் தேடுவது வேறோர் இடத்தில் இருக்கும் நகல்.

இரண்டாவது, நம் சொந்தக் கோப்புகள் என்னாகும் என்பது. திரும்பிப் போகும்போது நேற்று தட்டச்சு செய்த கடிதமும் சேர்ந்து போய்விடுமா, இருக்குமா?

மூன்றாவது, மறுபடி வேலைக்கு உட்கார எவ்வளவு நேரம் ஆகும். விண்டோஸ் திரும்புவது மட்டும் கணக்கில்லை. டேலியோ, போட்டோஷாப்போ, கைரேகைக் கருவியோ பழையபடி ஓடும் வரைக்குமான நேரம்தான் கணக்கு.

நான்காவது, விண்டோஸ் எழும்பாமலே கிடந்தால் இந்த வழி கைகொடுக்குமா?

ஐந்தாவது செலவு. பணமும் டிஸ்க் இடமும் மட்டும் செலவல்ல. மறக்காமல் மாதாமாதம் செய்யவேண்டிய வேலை இருக்கிறதா என்பதுதான் பெரிய செலவு. மறந்துபோகும் ஏற்பாடு இல்லாத ஏற்பாடுதான்.

| அளவுகோல் | ரிஸ்டோர் பாயிண்ட் | முழு இமேஜ் | ரீசெட் |
|---|---|---|---|
| டிரைவர், அப்டேட் கோளாறு | மிகப் பொருத்தம் | சரியாகும், ஆனால் பெரிய வேலை | சரியாகும், மென்பொருள் எல்லாம் போகும் |
| டிஸ்க் செத்தால் | உதவாது | இதுதான் வழி | உதவாது |
| ரேன்சம்வேர் | நம்ப முடியாது | கழற்றி வைத்த டிஸ்க்கில் இருந்தால் உதவும் | விண்டோஸ் திரும்பும், கோப்பு திரும்பாது |
| சொந்தக் கோப்பு | பெரும்பாலும் தொடாது | இமேஜ் எடுத்த நாளுக்குத் திரும்பும் | வைத்துக்கொள்ளும் தேர்வு உண்டு |
| ஆகும் நேரம் | கால் மணி முதல் அரை மணி | ஒன்றிரண்டு மணி நேரம் | விண்டோஸுக்குச் சில மணி, மற்றவற்றுக்கு ஒரு நாளுக்கு மேல் |
| பணம் | இல்லை | வெளி டிஸ்க் வாங்கவேண்டும் | இல்லை, டேட்டா செலவாகலாம் |
| தொடர்ந்து கவனிக்கவேண்டுமா | மிகக் குறைவு | ஆம் | தேவையில்லை |

## ரிஸ்டோர் பாயிண்ட்

2000-இல் விண்டோஸ் எம்இ உடன் வந்த வசதி இது. அப்போதிலிருந்து இன்றுவரை விண்டோஸின் ஒரு மூலையில் இருந்துகொண்டே இருக்கிறது. பலருக்கும் தெரியும், ஆனால் தேவைப்படும் அன்று திறந்து பார்த்தால் ஒரு புள்ளிகூட இருக்காது. காரணம் எளிது. பல கணினிகளில் இது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். ரிஸ்டோர் பாயிண்ட் உருவாக்கும்போது விண்டோஸ் சி டிரைவை முழுவதும் நகலெடுப்பதில்லை. அந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்குப்பின் டிஸ்க்கின் எந்தத் துண்டு மாற்றி எழுதப்படுகிறதோ, எழுதுவதற்கு முன் அந்தத் துண்டின் பழைய வடிவத்தை மட்டும் தனியாக எடுத்து வைக்கிறது. கணக்குப் பேரேட்டில் ஒரு பக்கத்தைத் திருத்துவதற்கு முன் அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைப்பது போல. அதனால்தான் புள்ளி வைக்க ஒரு நிமிடம் போதுமானதாக இருக்கிறது. இடமும் குறைவாகப் பிடிக்கிறது. இதன் பலவீனங்களும் இதே இடத்திலிருந்துதான் வருகின்றன. பழைய துண்டுகள் அதே டிஸ்க்கில்தான் கிடக்கின்றன. டிஸ்க் போனால் அவையும் போச்சு. ஒதுக்கிய இடம் நிரம்பினால் பழைய புள்ளிகள் சத்தமில்லாமல் கழிந்துவிடும்.

இயக்குவதற்கு ஸ்டார்ட் மெனுவில் "கிரியேட் எ ரிஸ்டோர் பாயிண்ட்" என்று தேடுங்கள். வரும் பெட்டியில் சி டிரைவுக்கு எதிரே புரொடெக்‌ஷன் "ஆஃப்" என்று இருந்தால் அதைத் தேர்ந்து, கான்ஃபிகரை அழுத்தி, "டர்ன் ஆன் சிஸ்டம் புரொடெக்‌ஷன்" கொடுங்கள். கீழே எவ்வளவு இடம் ஒதுக்குவது என்று சொல்ல ஒரு நகர்த்தி (ஸ்லைடர்) இருக்கும். 256 ஜிபி எஸ்எஸ்டி என்றால் 5 சதவீதம், அதாவது ஏறக்குறைய 12 ஜிபி, வீட்டுக் கணினிக்குப் போதும். ஒரு சதவீதத்தில் விட்டுவைத்தால் பெரிய அப்டேட் ஒன்று வந்ததும் முந்தைய புள்ளிகள் காலியாகிவிடும். அப்புறம் கிரியேட் பொத்தானை அழுத்தி, பிறகு பார்த்தால் புரியும்படி ஒரு பெயர் கொடுங்கள். "பிரிண்டர் டிரைவருக்கு முன்" என்பது நல்ல பெயர். "டெஸ்ட்" என்பது உதவாத பெயர். டி டிரைவில் வெறும் கோப்புகள்தான் இருக்கின்றன என்றால் அதற்கு இது தேவையில்லை.

விண்டோஸ் அப்டேட்டுக்கும் சில மென்பொருள் நிறுவல்களுக்கும் முன்னால் தானாகவே புள்ளிகள் உருவாகும். ஆனால் எல்லா நிறுவிகளும் அதைக் கேட்பதில்லை. புதிய டிரைவர் ஏற்றும் முன், ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன், கையால் ஒன்று போட்டுக்கொள்வதே பாதுகாப்பு.

திரும்பிப் போகும்போது ஒரு பொத்தானைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. புள்ளிகளின் பட்டியலுக்குக் கீழே "ஸ்கேன் ஃபார் அஃபெக்டெட் புரோகிராம்ஸ்" என்று இருக்கும். அதை அழுத்தினால் இரண்டு பட்டியல்கள் வரும். மேலே இருப்பது இந்தப் புள்ளிக்குப் போனால் அழிந்துவிடும் மென்பொருள்களும் டிரைவர்களும். கீழே இருப்பது திரும்பி வரக்கூடியவை. அழியும் பட்டியலில் போன வாரம் ஏற்றிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இ-கலப்பையோ, ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வைத்திருக்கும் டிஜிட்டல் கையொப்பக் கருவியின் டிரைவரோ இருந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். எதை மறுபடி ஏற்றவேண்டும் என்ற பட்டியல் கையில் இருக்கும். இந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காமல் அடுத்த பொத்தானை அழுத்தவேண்டாம்.

அதன்பின் கணினி மறுதொடக்கம் ஆகி, "ரிஸ்டோரிங் த ரெஜிஸ்ட்ரி" என்று திரையில் நிற்கும். அது நகராததுபோலத் தோன்றும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அரை மணிக்கு மேலும் நிற்கலாம். பொறுமை இழந்து பவர் பொத்தானை அழுத்தினால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும். லேப்டாப்பை சார்ஜரில் போட்டுவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

சொந்தக் கோப்புகளைத் தொடாது என்று சொல்வார்கள். படங்கள், வேர்டு, எக்செல், பாடல்கள், மின்னஞ்சல் விஷயத்தில் அது சரி. ஆனால் நிரல் எழுதும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இயங்கக்கூடிய கோப்புகள், பேட்ச் கோப்புகள், ஸ்கிரிப்டுகள் போன்றவற்றை இது சிஸ்டம் சம்பந்தப்பட்டவையாகப் பார்க்கக்கூடும் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. புள்ளிக்குப் பிறகு நீங்கள் உருவாக்கியவை அவற்றில் இருந்தால் முதலில் பென் டிரைவுக்குப் போகட்டும்.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்லவேண்டும். விண்டோஸின் பெரிய பதிப்பு மாற்றம் நடக்கும்போது பழைய புள்ளிகள் போய்விடும். அப்போது செட்டிங்ஸின் ரிகவரி பக்கத்தில் இருக்கும் "கோ பேக்" தான் வழி. அது 10 நாள் மட்டுமே இருக்கும். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் முந்தைய விண்டோஸை அழித்தால் அந்த வழியும் அடைபடும். சுத்தம் செய்யும் மென்பொருள்கள் சில ரிஸ்டோர் பாயிண்ட்டுகளையும் குப்பை என்று காட்டும். அந்தக் கட்டத்தில் டிக் போடவேண்டாம். ஜூன் 2025 அப்டேட்டுக்குப்பின் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் புள்ளிகள் அதிகபட்சம் 60 நாட்களே தங்கும். ஆக, போன வருடத்து நிலைக்குத் திரும்ப இது உதவாது.

வைரஸுக்கு இதை மருந்தாக நினைக்கவே கூடாது. மே 2017-இல் உலகையே ஆட்டிய வானாக்ரை என்ற ரேன்சம்வேர், கோப்புகளைப் பூட்டியதோடு ரிஸ்டோர் பாயிண்ட்டுகள் தங்கியிருக்கும் நிழல் நகல்களையும் (மேலே சொன்ன பழைய துண்டுகள்) அழிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. அதன்பின் வந்த பல ரேன்சம்வேர்களும் அதையே செய்கின்றன.

அலுவலக டொமைனில், அதாவது அலுவலக சர்வரின் கட்டுப்பாட்டில், இணைந்த கணினி என்றால் இன்னொரு சிக்கல். கணினிக்கும் சர்வருக்கும் நடுவே ஒரு ரகசியக் கடவுச்சொல் வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை தானாக மாறும். அதற்கு முந்தைய புள்ளிக்குப் போனால் சர்வர் இந்தக் கணினியை அடையாளம் தெரியாது என்று சொல்லிவிடும். அலுவலகக் கணினியில் ஐடி ஆளைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள்.

இவ்வளவு சொன்னாலும், மாற்றத்தால் வந்த கோளாறுக்கு இதைவிட மலிவான, விரைவான வழி விண்டோஸில் இல்லை. சரிவரவில்லை என்றால் செய்ததைத் திரும்பப் பெறும் வசதியும் உண்டு. சேஃப் மோடிலிருந்தோ (அவசியமானவை மட்டும் ஓடும் நிலை) மீட்புத் திரையிலிருந்தோ செய்தால் அது கிடைக்காது. விண்டோஸ் எழும்பாவிட்டாலும் இது நடக்கும். தொடங்கும்போது அடுத்தடுத்து சில முறை தடுமாறினால் மீட்புத் திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், சிஸ்டம் ரிஸ்டோர். ஆன்டிவைரஸ் குறுக்கே நின்று சாதாரணமாக ரிஸ்டோர் முடியாமல் போகும் சமயங்களிலும் இந்தத் திரையிலிருந்து செய்தால் பெரும்பாலும் நடந்துவிடும்.

ஒரு சின்ன விஷயம். ஒரே ஒரு டிரைவர்தான் குற்றவாளி என்று தெளிவாகத் தெரிந்தால் ரிஸ்டோர்கூட வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் பண்புகளில் "ரோல் பேக் டிரைவர்" இருக்கும். அப்டேட்தான் காரணம் என்றால் அதே மீட்புத் திரையில் "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" இருக்கிறது. சின்ன வழியை முதலில் முயல்வது நல்லது.

## முழு இமேஜ்

இது வேறு ரகம். விண்டோஸ், மென்பொருள், அமைப்புகள், கோப்புகள், கணினி தொடங்கத் தேவையான பூட் பகுதி எல்லாவற்றையும் சேர்த்து டிஸ்க்கை அப்படியே ஒரு பெரிய கோப்பாக வெளி டிஸ்க்கில் எடுத்து வைப்பது. எஸ்எஸ்டி செத்து, புதியது மாட்டி, அதில் இமேஜை இறக்கினால் டெஸ்க்டாப் ஐகான்கள் வரை பழைய இடத்தில் இருக்கும். உரிமம் கேட்கும் மென்பொருள்களும் பெரும்பாலும் ஓடும்.

விண்டோஸுக்குள்ளேயே இதற்கு ஒரு கருவி இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் "பேக்கப் அண்ட் ரிஸ்டோர் (விண்டோஸ் 7)" என்ற பெயரில் இன்னும் கிடக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் இதை 2017-இலேயே கைவிடப்படும் வசதிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டு, வேறு நிறுவனங்களின் மென்பொருளைப் பயன்படுத்தும்படி சொல்லிவிட்டது. வேலை செய்யாது என்றில்லை. ஆனால் ஒரு பழக்கம் படுத்தும்: பழைய டிஸ்க்கைவிடச் சிறிய டிஸ்க்கில் இறக்க மறுக்கும், உள்ளே பாதி காலியாக இருந்தாலும். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை மாற்றி 512 ஜிபி எஸ்எஸ்டி போட நினைப்பவர்களுக்கு இது முட்டுக்கட்டை. புதிதாகத் தொடங்குபவர்கள் இதில் நேரம் செலவிடாமல் இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

பல வருடம் எல்லோரும் பரிந்துரைத்த இமேஜ் மென்பொருளான மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தோடு ஆதரவு இழந்துவிட்டது. இப்போது இலவசமாக வேண்டுமென்றால் வீம் ஏஜெண்ட்டின் இலவசப் பதிப்பு இருக்கிறது. குறித்த நேரத்தில் தானாக எடுக்கும், மாறியதை மட்டும் சேர்த்துக்கொள்ளும். பென் டிரைவிலிருந்து பூட் செய்து எடுப்பதற்கு குளோன்ஜில்லா இருக்கிறது, அதே வேலையைச் சுட்டியால் செய்ய ரெஸ்கியூஜில்லா. குளோன்ஜில்லாவில் எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் இருப்பதும் போய்விடும். முதன்முறை செய்பவர்கள் ரெஸ்கியூஜில்லாவையே எடுத்துக்கொள்ளலாம்.

நேரம் எவ்வளவு ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. சி டிரைவில் 100 ஜிபி நிரம்பியிருக்கிறது, சாதாரண வெளி ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி எழுதும் என்றால் 17 நிமிடம் போல ஆகும். அதே டிஸ்க்கைத் தெரியாமல் பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகினால் ஒரு மணி நேரம் தாண்டும். பல லேப்டாப்களில் வேகமான துளை உள்ளே நீல நிறத்தில் இருக்கும்.

இமேஜின் மிகப் பெரிய மறைமுகச் செலவு அதன் வயது. ஒரு மாதத்துக்கு முந்தைய இமேஜை இறக்கினால் சி டிரைவ் ஒரு மாதத்துக்கு முந்தைய நாளுக்குத் திரும்பும். அந்த ஒரு மாதத்தில் போட்ட பில்கள், எழுதிய பாடங்கள், எடுத்த படங்கள் எல்லாம் போய்விடும். டிரைவர் ஒன்று தகராறு செய்கிறது என்பதற்காக இமேஜை இறக்குவது அதனால்தான் பொருத்தமில்லை. இறக்கியே தீரவேண்டும் என்றால், முதலில் பென் டிரைவ் லினக்ஸில் பூட் செய்து புதிய கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு எடுத்துக்கொள்ளவேண்டும்.

அடுத்தது, வெளி டிஸ்க்கை எப்போதும் கணினியில் மாட்டியே வைப்பது. வசதிதான், ஆனால் ரேன்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும். மின்னல் அடித்து மின்அழுத்தம் எகிறினால் இரண்டும் ஒன்றாகப் போகும். எடுத்து முடித்ததும் கழற்றிப் பீரோவில் வையுங்கள். அப்புறம், இமேஜ் எடுக்கும் மென்பொருளின் மீட்பு பென் டிரைவை உருவாக்கி, அதிலிருந்து ஒருமுறை பூட் செய்து, உங்கள் இமேஜ் அதன் பட்டியலில் தெரிகிறதா என்று பாருங்கள். இறக்கிப் பார்க்கத் தேவையில்லை, தெரிந்தால் போதும். பூட் செய்த பென் டிரைவ் வெளி டிஸ்க்கையோ உள்ளிருக்கும் எஸ்எஸ்டியையோ கண்டுகொள்ளாத சங்கடம் இங்கே வெளிப்பட்டால் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.

## ரீசெட்

செட்டிங்ஸில் ரிகவரி பக்கத்தில் "ரீசெட் திஸ் பிசி". முன்கூட்டி எதையும் செய்துவைக்கத் தேவையில்லை என்பதுதான் இதன் ஈர்ப்பு. "கீப் மை ஃபைல்ஸ்" கொடுத்தால் கோப்புகள் இருக்கும். ஆனால் நீங்கள் ஏற்றிய மென்பொருள் அத்தனையும் போய்விடும். என்னென்ன போனது என்ற பட்டியலை மட்டும் டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுப் போகும்.

அந்தப் பட்டியல்தான் உண்மையான செலவு. பிரவுசரும் விஎல்சியும் மட்டும் என்றால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். இ-சேவை மையம் நடத்துபவரின் கணினியை யோசித்துப் பாருங்கள். கைரேகைக் கருவியின் டிரைவர், அதனோடு ஓடும் ஆர்டி சர்வீஸ் (ஆதார் கைரேகைச் சரிபார்ப்புக்கான மென்பொருள்), ஸ்கேனர், இரண்டு பிரிண்டர், கையொப்பக் கருவி. ஒவ்வொன்றுக்கும் சரியான பதிப்பைத் தேடி, ஒவ்வொன்றையும் வரிசையாக ஏற்றி முடிப்பதற்குள் வாசலில் வரிசை நிற்கும். டேலி வைத்திருப்பவர்கள் ரீசெட்டுக்கு முன் உரிமத்தை சரண்டர் செய்துவிடவேண்டும், கம்பெனி டேட்டா இருக்கும் ஃபோல்டரையும் தனியாக நகலெடுக்கவேண்டும். அது டாக்குமெண்ட்ஸுக்குள் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு "கீப் மை ஃபைல்ஸ்"ஸை நம்பக்கூடாது.

கிளவுட் டவுன்லோடா, லோக்கல் ரீஇன்ஸ்டாலா என்று கேட்கும். கிளவுட் என்றால் 4 ஜிபி அல்லது அதற்குமேல் இறங்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். லோக்கல் என்றால் இறக்கவேண்டியதில்லை, ஆனால் கெட்டுப்போன சிஸ்டம் கோப்புகளிலிருந்தே மறுபடி கட்டுவதால் நடுவில் நின்றுவிடும் வாய்ப்பு அதிகம்.

ரீசெட்டுக்கு முந்தைய படி ஒன்று விண்டோஸ் 11-இல் வந்திருக்கிறது, அது பலருக்குத் தெரியவில்லை. அதே ரிகவரி பக்கத்தில் "ஃபிக்ஸ் பிராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்". இது விண்டோஸை மட்டும் அதே பதிப்பில் மறுபடி நிறுவும். மென்பொருள், கோப்பு, அமைப்பு எல்லாம் அப்படியே இருக்கும். விண்டோஸுக்குள் நுழைய முடிந்தால் மட்டுமே பயன்படும். காரணம் தெரியாமல் கணினி தள்ளாடும்போது, ரிஸ்டோர் பாயிண்ட்டும் இல்லாதபோது, ஃபார்மேட்டுக்குப் போகும் முன் இதைக் கட்டாயம் முயலவேண்டும்.

## கோப்பு நகல் தனிக் கணக்கு

மேலே சொன்ன எதுவும் கோப்பு நகலுக்கு மாற்றாகாது. அக்டோபர் 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு சிலருடைய டாக்குமெண்ட்ஸ் கோப்புகளையே அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களில் அதை நிறுத்தி, நவம்பரில் திருத்தி வெளியிட்டது. சொந்தக் கோப்புகளைத் தொடாது என்று ரிஸ்டோர் பாயிண்ட் பற்றி நாம் மகிழ்கிறோம் அல்லவா, அதே காரணத்தால் அழிந்த கோப்பை அது திருப்பியும் தராது. சில சமயம் ஃபோல்டரின் பண்புகளில் "பிரீவியஸ் வெர்ஷன்ஸ்" பகுதியில் பழைய வடிவம் கிடைக்கலாம், அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒன்டிரைவில் 5 ஜிபி, கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம். ஆவணங்களுக்கு அது போதும். படங்களுக்கு வெளி டிஸ்க்.

## லினக்ஸ் வைத்திருப்பவர்கள்

லினக்ஸ் மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருள் உள்ளேயே வருகிறது, உபுண்டுவில் நிறுவிக்கொள்ளலாம். ரிஸ்டோர் பாயிண்ட்டின் வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அதைவிட நம்பகமாக. ஆர்சிங்க் முறையில் (கோப்புகளை நகலெடுத்து வைக்கும் முறை) நகலை வேறொரு லினக்ஸ் டிஸ்க்கிலும் வைக்கலாம். ஹோம் ஃபோல்டரை இயல்பாகச் சேர்க்காது, எனவே கோப்பு நகல் தனியாக வேண்டும். தினமும் ஒன்று, வாரம் ஒன்று என்று அமைத்துவிட்டால் போதும்.

## யாருக்கு எது

வீட்டில் பொதுவான வேலைக்கு ஒரு லேப்டாப் என்றால் ரிஸ்டோர் பாயிண்ட்டும் கோப்பு நகலும் போதும். இமேஜ் எடுக்கச் சொல்லி நான் வற்புறுத்தமாட்டேன். டிஸ்க் செத்தால் புதிதாக விண்டோஸ் ஏற்றுவது சிரமம்தான், ஆனால் தாங்கக்கூடிய சிரமம். மாதாமாதம் எடுக்கவேண்டும் என்று தொடங்கி, இரண்டாவது மாதமே விட்டுவிடும் இமேஜைவிட, தானாக ஓடும் ரிஸ்டோர் பாயிண்ட் மேல்.

ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர், இ-சேவை மையம், ஆடிட்டர் அலுவலகம் என்றால் இமேஜ் வேண்டும், விவாதமே இல்லை. இங்கே கணினியின் விலையைவிட அதை அந்த நிலைக்குக் கொண்டுவந்த உழைப்பின் விலை அதிகம். எல்லாவற்றையும் ஏற்றி, எல்லாக் கருவியும் ஓடுகிறது என்று உறுதியான அன்றே முதல் இமேஜ். பிறகு பெரிய மாற்றம் வரும்போதெல்லாம் ஒன்று. கணக்கு டேட்டா மட்டும் தினமும் தனியாக. இவர்களும் ரிஸ்டோர் பாயிண்ட்டை இயக்கியே வைக்கவேண்டும். டிரைவர் தகராறுக்கு இமேஜ் வரை போகவேண்டாம்.

128 ஜிபி அல்லது அதற்கும் குறைந்த சேமிப்பிடம் கொண்ட மலிவு லேப்டாப்பில் இடம் எப்போதும் பற்றாக்குறை. அதில் ரிஸ்டோர் பாயிண்ட்டுக்கு ஒதுக்குவது மற்றொன்றைக் கழுத்தை நெரிப்பதாக இருக்கும். அதில் இருப்பது பிரவுசரும் ஆஃபீஸும்தான் என்றால், கோப்புகளை கிளவுடில் வைத்துக்கொண்டு ரீசெட்டை நம்பியிருப்பது நியாயமான முடிவு. கணினியை விற்கப் போகிறீர்கள், அல்லது வேறொருவர் பயன்படுத்தியது கைக்கு வந்திருக்கிறது என்றாலும் ரீசெட்தான் சரி. அங்கே பழைய நிலை நமக்குத் தேவையே இல்லை. வைரஸ் ஏறியது உறுதி என்றாலும் அப்படியே, "ரிமூவ் எவ்ரிதிங்" கொடுத்து.

## எதைத் தேர்ந்தாலும் பிட்லாக்கர் சாவி

ஜூலை 19, 2024 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான ஒரு அப்டேட்டால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் சிக்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சரிசெய்யும் வழி எளிதாகத்தான் இருந்தது: சேஃப் மோடில் போய் ஒரே ஒரு வகைக் கோப்பை அழிப்பது. ஆனால் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருந்த (சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்த) கணினிகளில் அங்கே போவதற்கே 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்பட்டது. பல இடங்களில் வேலை இழுத்தடித்தது சாவியைத் தேடித்தான்.

இது பெரிய நிறுவனங்களின் பிரச்சினை மட்டுமல்ல. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் இதே குறியாக்கம் கேட்காமலே இயங்கிவிடுகிறது. மீட்புத் திரையிலிருந்து ரிஸ்டோர் செய்யப் போனால் சாவி கேட்கும். சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் டிவைசஸ் பகுதியில் இருக்கும். கணினியை அமைத்துக் கொடுத்தவர் தன் மின்னஞ்சலைப் போட்டிருந்தால், சாவியும் அவர் கணக்கில்தான் இருக்கும். பிள்ளையின் பழைய பள்ளி மின்னஞ்சலாக இருந்தால் அங்கே. கணினி நன்றாக ஓடும் இன்றே உள்ளே போய்ப் பார்த்து, 48 இலக்கங்களையும் தாளில் அச்சிட்டு, லேப்டாப் பையில் அல்லாமல் வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் வைத்துவிடுங்கள். கணினியின் பெயரையும் அதே தாளில் எழுதுங்கள். இரண்டு லேப்டாப் இருக்கும் வீட்டில் எது எதன் சாவி என்று குழப்பம் வராது.